பேனா கொடுத்த தங்கச்சி

தங்கச்சிக்கு,

லண்டன் வேலை பத்திச் சொன்னதிலிருந்து நீ போனை எடுக்கல. அதான் எழுதுறேன். கட்டப்பனையில மழை விடல. லண்டன் போக எழுத வேண்டிய இங்கிலீஷ் பரீட்சைக்காக, இங்க கோச்சிங் கிளாஸ்ல தினமும் ஒரு கடிதம் எழுதிப் பழகுறோம்.

நேத்து, உதவி செஞ்ச ஒருத்தருக்கு நன்றிக் கடிதம். எல்லாரும் கற்பனையா எழுதினாங்க. நான் உன்னைத்தான் எழுதினேன். அம்மா ரிட்டயர் ஆனப்ப, வீட்டுல ஒருத்தராவது தேயிலை எஸ்டேட் வேலைக்கு வராட்டி, எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி பண்ணணும்னாங்க. நீ பள்ளிக்கூடத்தை விட்டுட்டுக் கொழுந்து கிள்ளப் போன. நான் நர்சிங் முடிச்சேன்.

சார் மார்க்கைக் குறைச்சிட்டார். "இங்கிலீஷ் சரி. ஆனா யாரு இவ்வளவு செய்வா? நம்புற மாதிரி எழுது"ன்னார்.

நீ எனக்கு ஒரு பேனா கொடுத்ததா மாத்தி எழுதினேன். முழு மார்க் போட்டார்.

போனை எடுடி.

உன் அக்கா