பூண்டி முகாமில் ஒரு பொய்க் குறிப்பு

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் பதினொரு மணிவாக்கில் பெட்டியிலிருந்து தணலை ஒரு தகரத்தில் கொட்டி, அதில் இரண்டு உருளைக்கிழங்கைப் புதைத்துவிடுவார். மத்தியானச் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள அவருக்கு அதுதான். இன்று சட்டை வாங்கப் போனபோது தோல் கருகும் வாசனை மூக்கில் ஏறியது. சட்டையை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். எழுபது வயதைத் தாண்டியபிறகு ஒரு கிழங்கு வாசனைக்குப் பயந்து ஓடிவந்தவன் திருவள்ளூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நீ பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

உனக்குத் தெரியாத எதையும் நான் எழுதப்போவதில்லை. நடந்தபோது நீயும் அங்கேதான் நின்றாய். ஆனால் நான் இதை ஒரு தடவைகூட வாய்திறந்து யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும் சொன்னதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மே மாதம், பூண்டி ஏரிக்கரை மாந்தோப்பில் நம் பள்ளியின் ஸ்கவுட் முகாம். ஏழு நாள். நம் டிராயிங் வாத்தியார்தான் ஸ்கவுட் மாஸ்டர். என் அப்பா பெருமாள் கோயில் மடப்பள்ளியில் கைங்கர்யம் செய்துகொண்டிருந்தவர். பெருமாளுக்குத் தளிகை செய்கிற கை. பிறர் சமைத்த எதையும் தொடமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்த பிறகுதான் என்னை அனுப்பச் சம்மதித்தார். ஒரு பித்தளைத் தூக்கு, இரண்டு படி அவல், நார்த்தங்காய் ஊறுகாய். மாஸ்டரிடமும் வந்து சொல்லிவிட்டுப் போனார். அணியில் எல்லோரும் ஒரே அடுப்பில் பொங்கித் தின்றபோது நான் மட்டும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அவலை நனைத்துக்கொண்டிருந்தேன்.

நீ கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் காலனியிலிருந்து வந்தவன். உன் வீட்டில் அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் கூலிவேலை. சர்ச் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாய். முகாமில் உன்னை மிஞ்ச ஆளில்லை. இரண்டு மரங்களுக்கு நடுவே கயிற்றுப் பாலம் கட்டச் சொன்னால் நாங்கள் முடிச்சின் பெயரை யோசித்து முடிப்பதற்குள் நீ அதன்மேல் நடந்துகொண்டிருப்பாய். தடம் பார்ப்பதிலும் அப்படித்தான். கல்லை எந்தப் பக்கம் புரட்டி வைத்திருக்கிறார்கள், சுள்ளி எந்தத் திசையைக் காட்டுகிறது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவாய். முதல் மார்க் எடுப்பவனை நீலகிரியில் நடக்கும் பெருமுகாமுக்கு அனுப்பப்போவதாக மாஸ்டர் முதல் நாளே அறிவித்திருந்தார். ஏரிக்கு அப்பால் மங்கலாகத் தெரிந்த மலைகளைக் காட்டி, "இது மேல கூட நான் ஏறினது இல்ல. அங்க போனா மேகம் கால்கிட்ட வருமாமே?" என்று என்னைக் கேட்டாய். நானும் பார்த்ததில்லை. ஆனால் பார்த்தவன் மாதிரி தலையை ஆட்டினேன்.

ஐந்தாம் நாள் ஹைக், அதாவது நெடுநடை. இரண்டு பேராகப் போகவேண்டும், உனக்கு ஜோடி நான். வழிக் குறிப்பை உள்ளே வைத்து ஒட்டிய உறைகள் மூன்று, ஒரு திசைகாட்டி, வழியில் தென்படுவதையெல்லாம் எழுத ஒரு நோட்டு. ஆற்றங்கரையோடு பத்து மைல் நடந்து சாயங்காலத்துக்குள் முகாம் திரும்பவேண்டும். மத்தியானச் சாப்பாட்டைப் பாத்திரமே இல்லாமல் சமைக்கவேண்டும். அதற்கென்று முகாமில் ஜோடிக்கு இரண்டு உருளைக்கிழங்கும் இரண்டு முட்டையும் கொடுத்தார்கள். மாஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நீ சமைப்பதை நான் பார்த்தாலே எனக்கு மார்க் உண்டு என்றார்.

மணலில் வரட்டியையும் சுள்ளியையும் போட்டுத் தணல் பண்ணினாய். கிழங்கின் தலையைச் சீவி, உள்ளே குடைந்து, முட்டையை உடைத்து ஊற்றி, உப்புப் போட்டு, சீவிய மூடியை வைத்து முள்ளால் குத்தினாய். அப்படியே தணலுக்குள் புதைத்தாய். முக்கால்மணி நேரம் கழித்து வெளியே எடுத்துத் தோலை ஊதித் தட்டியபோது வந்த அந்த வாசனையில் என் வாக்கு, அப்பா, மடப்பள்ளி எல்லாம் எங்கே போயின என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பசித்தது என்று பொய் சொல்லமாட்டேன். தூக்கு நிறைய அவல் இருந்தது. ஆசை, அவ்வளவுதான். நீ கூப்பிடக்கூட இல்லை. நான்தான் கை நீட்டினேன். "வோணாண்டா, உங்க வூட்ல பேஜாராயிடும்" என்றாய். யாரிடம் சொல்லப்போகிறாய் என்று கேட்டுவிட்டு வாங்கித் தின்றேன்.

ஹைக் குறிப்புக்கு ஒரு விதி இருந்தது, ஞாபகமிருக்கிறதா? ஒருவன் எழுதவேண்டும், மற்றவன் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் பார்த்துவிட்டு அடியில் கையெழுத்திடவேண்டும். ஸ்கவுட் எழுதினால் அது சத்தியம், அவன் பெயர் போட்டால் அதற்கு அவன் ஜாமீன். அன்று மாலை நீ கூடாரத்தில் குப்புறப் படுத்து முத்து முத்தாக எழுதி, மதகையும் பனைமரத்தையும் படமாகப் போட்டு, நோட்டை என்னிடம் நீட்டினாய். கால் வலியில் நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. நான்கு பக்கத்திலும் பெயரைக் கிறுக்கிவிட்டுப் படுத்துவிட்டேன். படித்திருந்தால் அந்த ஒரு வரியை அடித்துவிடச் சொல்லியிருப்பேன். நீயும் அடித்திருக்கமாட்டாய், சண்டை வந்திருக்கும். அந்தச் சண்டை வந்திருந்தால் எவ்வளவோ தேவலாம்.

கடைசி நாள் காலை பெற்றோர் வந்தார்கள். எல்லா ஹைக் குறிப்புகளையும் இரண்டு மாமரங்களுக்கு நடுவே கயிறு கட்டி மாஸ்டர் தொங்கவிட்டிருந்தார். அவர் ஒருவர்தான் படிப்பார் என்று நினைத்துத்தான் நீ எழுதியிருப்பாய். என் அப்பா புளியோதரை டப்பாவோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். நம் குறிப்பின் முன்னால் நின்று, என்ன அழகான கையெழுத்து என்று சொல்லிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். மதகு, பனைமரம், மீன்கொத்தி என்று ஒவ்வொன்றாக வந்தது. பிறகு, "மதியம் பன்னிரண்டரை. கிழங்குக்குள் முட்டை. ஆளுக்கு ஒன்று. அருமை" என்று படித்தார். அந்த வரியில் விரலை வைத்து நிறுத்திவிட்டார். அவர் கோபிக்கவில்லை, தெரியுமா? என்னைத் தனியே அழைத்துப்போய், மெதுவாக, "நிஜமாடா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லப்பா. அவனே ரெண்டையும் சாப்பிட்டுட்டு என் பேரையும் சேர்த்து எழுதிட்டான்" என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா? ஒத்திகை பார்த்தவன்கூட அப்படிச் சொல்லியிருக்கமாட்டான்.

பின்னால் நின்ற மாஸ்டர் காதில் அது விழுந்தது. பிறகு எதுவும் என் கையில் இல்லை. என் கையெழுத்து எப்படி வந்தது என்று கேட்டார். படிக்காமல் போட்டேன் என்றேன். அந்த ஒன்று நிஜம் என்பதால் மற்றதும் நிஜம்போல ஆகிவிட்டது. உன்னைக் கூப்பிட்டார். ஸ்கவுட் உறுதிமொழிக்குச் செய்வதுபோல மூன்று விரலை உயர்த்திச் சத்தியமாகச் சொல் என்றார். நீ என்னைப் பார்த்தாய். அப்பாவின் நெற்றியில் இருந்த திருமண்ணைப் பார்த்தாய். அவர் கையில் இருந்த டப்பாவைப் பார்த்தாய். நீ இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாய்.

"நான்தான் சார் ரெண்டியும் துன்னேன். தப்பா எய்திட்டேன்" என்றாய்.

விரலை உயர்த்து என்று மாஸ்டர் இன்னொரு தடவை சொன்னார். நீ உயர்த்தவில்லை. அதையும் அவர் திமிர் என்று எடுத்துக்கொண்டார். எனக்குத்தான் தெரியும், சத்தியம் பண்ணிப் பொய் சொல்ல உனக்கு மனம் வரவில்லை. மாஸ்டர் சிவப்புப் பென்சிலால் குறிப்பின் மேலே "பொய்க் குறிப்பு" என்று குறுக்கே எழுதினார். எல்லா அப்பா அம்மாக்களும் நின்று படித்தார்கள். உன் வீட்டிலிருந்து யாரும் வந்திருக்கவில்லை. அன்று கூலிக்குப் போயிருந்தார்கள்.

உன் ஹைக் தேறாததால் மார்க்கில் அடுத்து நின்றவன் நீலகிரி போனான். அந்த அடுத்தவன் நான். படிக்காமல் கையெழுத்துப் போட்டதற்கு எனக்குக் கிடைத்தது ஒரு அதட்டல். கூடாரத்தை மடிக்கும்போது உன் அருகில் வந்து நின்றேன். எதையாவது சொல்லவேண்டும் என்றுதான் வந்தேன். நீ முளையைப் பிடுங்கிக்கொண்டே, "உங்கப்பா நல்ல மனுசன்டா. அயுதுட்டிருப்பாரு" என்றாய். உனக்கு யாரடா இந்த வள்ளல் வேஷத்தைக் கட்டச் சொன்னது என்று பல வருஷம் உன்மேலேயே கோபப்பட்டிருக்கிறேன். தப்புச் செய்தவனுக்கு அது ஒரு சௌகரியம். அதன்பிறகு நீ ஸ்கவுட்டுக்கு வரவில்லை. நீலகிரியில் மேகம் கால்கிட்டதான் வந்தது. நான் கூடாரத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் நடுவில் ஒருநாள் சென்ட்ரல் ஸ்டேஷனில் என்னைக் கண்டுபிடித்தாய். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் என்றாய். ஸ்கவுட்டுகள் இடது கையைத்தான் குலுக்குவார்கள், நீ அதை மறக்கவில்லை, சிரித்துக்கொண்டே இடது கையை நீட்டினாய். என் பக்கத்தில் மாமனார் நின்றார். இடது கையை நீட்டுகிறானே என்று அவர் பார்த்த பார்வையில் நான் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிடு போட்டேன். நீட்டிய கையால் நீ தலையைச் சொறிந்துகொண்டாய். ரயில் வந்துவிட்டது.

அப்புறம் நான் என்ன உத்தியோகம் பார்த்தேன் என்று உனக்குத் தெரியுமோ என்னவோ. இதே திருவள்ளூரில் கோர்ட்டில் முப்பது வருஷம் இருந்தேன். கூண்டில் ஏறும் சாட்சிகளுக்கு, சொல்வதெல்லாம் உண்மை என்று பிரமாணம் சொல்லிக்கொடுப்பதும் என் வேலையில் ஒன்று. ஒவ்வொரு தடவையும் உன் முதுகுக்குப் பின்னால் இருந்த கைகள் நினைவுக்கு வரும் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அதுவும் பொய். பெரும்பாலும் வரவில்லை. மறந்துதான் இருந்தேன். அதற்குத்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

நீ போன சேதி எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. போன ஞாயிற்றுக்கிழமை நினைவு ஜெபத்துக்கு மட்டும் உன் வீட்டுக்கு வந்தேன். ஜெபம் முடிந்து எல்லோருக்கும் பந்தி. உன் பெண் என்னைத் தேடி வந்து, கூட்டத்திலிருந்து தள்ளி ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். ஒரு பை நிறைய வாழைப்பழமும் திறக்காத தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்தாள்.

"அப்பா சொல்லிக்கினே இர்ப்பாரு அங்கிள். காம்ப்ல கூட நீங்க யார் கை சோறும் தொடலயாம், அவ்ளோ ஆசாரமாம். அதான் கடையில வாங்கி அப்டியே வச்சிருக்கேன், யாரும் தொடல."

ஐம்பது வருஷம் கழித்தும், உன் சொந்த வீட்டில்கூட, நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்பா இறந்து எத்தனையோ காலமாகிவிட்டது. இனி யார் அழப்போகிறார்கள்? அங்கேயே அவளிடம் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அவள் முகத்தில் இருந்த மரியாதையைப் பார்த்ததும் ஒரு பழத்தை உரித்துத் தின்றுவிட்டு, நன்றாயிருக்கிறது அம்மா என்றேன்.

அதனால் இந்தக் கடிதம் உனக்கு என்றாலும் உறைமேல் உன் பெண்ணின் விலாசத்தைத்தான் எழுதியிருக்கிறேன். அவள் படிக்கட்டும். உங்கள் அப்பா பொய்க் குறிப்பு எழுதியவர் இல்லை, அம்மா. அதில் ஒரே ஒரு வரிதான் தப்பு, அதுவும் என் பேராசை வெளியே தெரியாமலிருக்க அவர் எழுதியது. ஆளுக்கு ஒரு முட்டை இல்லை. என்னுடையதைத் தின்று முடித்துவிட்டு அவருடையதையே பார்த்துக்கொண்டிருந்தேன், பாதியைப் பிட்டுக் கொடுத்தார். நான் தின்றது ஒன்றரை.