மட்கார்டின் வெள்ளைப் பட்டையில் ஒரு ரோஸ் நிறம்

உங்களுக்கு,

பெயர் சொல்லி உங்களை நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எழுதும்போதும் கை அந்தப் பெயருக்குப் போக மறுக்கிறது. 'உங்களுக்கு' என்றாலே யாருக்கு என்று நம் இருவருக்கும் தெரியும்.

இன்று காலை பனியன் வேஸ்ட் துணி மூட்டையை அவிழ்த்தேன். புதுத்துணியின் மாவு வாசம், சாயத்தின் காரம், நடுவே தையல் மெஷின் எண்ணெய், எல்லாம் சேர்ந்து முகத்தில் அடித்தன. கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டேன். விரலில் முதலில் பட்ட துண்டை எடுத்துக் கீழுதட்டில் வைத்துப் பார்த்தேன். இருபுறமும் ஒரே வழுவழுப்பு, ஓரம் சுருளவில்லை, உதட்டில் சூடு தங்கவில்லை. சுத்தப் பருத்தி, இன்டர்லாக் பின்னல். கண்ணைத் திறந்தேன். மெரூன்.

மூட்டை அப்படியே கிடக்க, இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்று வந்தபோது மற்றவர்களைப் போல நீங்கள் கடிகாரமோ சால்வையோ கொண்டுவரவில்லை. வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒரு சாக்கு நிறையக் கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுவந்தீர்கள். "இனி ஊட்ல என்ன வேலைங்க உங்களுக்கு?" என்று கேட்டேன். "வண்டி தொடைக்கற வேலை, அம்மிணி" என்றீர்கள். விளையாட்டு என்று நினைத்தேன்.

நான் கான்வென்ட் ஹாஸ்டலில் வளர்ந்தவள். தூசித் துணி என்றால் எனக்கு ஓரம் மடித்துத் தைத்திருக்க வேண்டும், நான்காக மடங்க வேண்டும். ஜன்னல் கட்டையை நாங்கள் துடைத்து முடித்ததும் மதர் வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு இழுப்பு இழுப்பார். கோடு விழுந்தால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பழக்கத்தை நான் இந்த வயதிலும் விடவில்லை. வேலைக்காரி, சம்பந்தி வீடு, பேங்க் கவுண்டர், எதையும் நான் கைக்குட்டையால் இழுத்துப் பார்க்காமல் விட்டதில்லை என்று நீங்கள் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பீர்கள்.

அதனால் உங்கள் கந்தல் துணிகளுக்கு முதலில் நான்தான் எதிரி. நீங்கள் ஒன்றும் வாதாடவில்லை. பழைய பிஸ்கட் டின்கள் மூன்றைக் கழுவி வரிசையாக வைத்தீர்கள். முதல் டின் பாடிக்கு, அதாவது பெயின்ட் அடித்த பாகங்களுக்கு. வெள்ளை இன்டர்லாக் மட்டுமே அதில் நுழையலாம். தையலோ பட்டனோ ஒட்டியிருந்தால் கீறும், அதனால் ஆகாது. அடர்ந்த நிறம் ஆகாது, துடைக்கத் தொட்டுக்கொள்ளும் மண்ணெண்ணெய் பட்டால் சாயம் விடும். பாலியஸ்டர் எந்த டின்னுக்கும் ஆகாது, ஏனென்றால் அது தண்ணீரைக் குடிக்காமல் தள்ளிக்கொண்டே போகும். இரண்டாவது டின் ரிம்முக்கும் ஸ்போக்ஸ் கம்பிக்கும். அதில் பனியன் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணி இருக்கும். இழுத்தால் நீளும் என்பதால் கம்பிக்குக் கம்பி சுற்றி இழுக்கத் தோதானது. மூன்றாவது டின் செயினுக்கு. நிறமும் வயதும் அங்கே யாரும் கேட்பதில்லை.

பாடித் துணியைச் சோப்புப் போட்டு அலசி, நிழலில் காயவைத்து, பல முறை புழங்குவீர்கள். நைந்து நூல் உதிரத் தொடங்கினால் அது ரிம் டின்னுக்கு இறங்கும். அங்கும் தேய்ந்தால் செயினுக்கு. செயினில் கறுத்து விறைத்துப் போனதும் கேட்டின் கீலுக்கு ஒரு துடைப்பு. அப்புறம் சைக்கிள் ஸ்டாண்டுக்கு அடியில் போய் உட்கார்ந்து, எண்ணெய்ச் சொட்டு என் சிமென்ட் தரையில் விழாமல் காவல் காக்கும். "பாடிக்கு இருந்தது செயினுக்குப் போலாம். செயினுக்குப் போனது பாடிக்கு வரக்கூடாது" என்பீர்கள். எங்கள் ஹாஸ்டலில்கூட இத்தனை ஒழுங்கு இருந்ததில்லை. நான் எதிர்ப்பதை நிறுத்திக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைக்காமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது.

காபி டம்ளரோடு முற்றத்துக்கு வந்தேன். நல்ல வெயில். நீங்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பின் மட்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். மட்கார்டின் நுனியில், இருட்டில் பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிவதற்காக அடித்த அந்த வெள்ளைப் பட்டை ரோஸ் நிறமாக இருந்தது. உங்கள் கையில் இருந்த துணி மெரூன்.

"என்னங்க இது, ரோஸ் கலரு?"

"எது?"

"பட்டைங்க."

நீங்கள் குனிந்து, முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தீர்கள். "வெள்ளையாத்தான இருக்குது" என்றீர்கள்.

டம்ளரைக் கீழே வைத்தேன். டின்னிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து, உங்கள் கையிலிருந்த மெரூனையும் வாங்கி, இரண்டையும் உங்கள் முன் நீட்டினேன். "இதுல எதுங்க வெள்ளை?"

"கான்வென்ட்டுப் பரீட்சையா?" என்று சிரித்தீர்கள். இரண்டையும் தடவி, உதட்டில் வைத்து, மோந்து பார்த்தீர்கள். "ரெண்டும் இன்டர்லாக். இது புதுசு, அது துவைச்சது."

"நான் கலரைக் கேட்டேனுங்க."

 பக்கத்து காம்பவுண்டில் பவர் டேபிள் தையல் மெஷின் ஓடி ஓடி நின்றது. அப்புறம் மெதுவாகச் சொன்னீர்கள்: "நடுவுல ஒரு பொகை, அம்மிணி. ஓரத்துல தெரியுது. ஆளு வர்றது தெரியும், மூஞ்சி தெரியறதில்லை."

"எப்பருந்துங்க?"

"இருக்குது கொஞ்ச நாளா."

அந்தக் கொஞ்ச நாளிலும் லாரியும் கம்பெனி வேனும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு போகும் அவிநாசி ரோட்டில் தினமும் காலையில் சைக்கிள் ஓட்டிப் பேக்கரிக்குப் போய் டீ குடித்து வந்திருக்கிறீர்கள். தரையில் ஒரு தலைமுடி கிடந்தால் கண்டுபிடிக்கிற எனக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? சைக்கிளில் ஒரு தூசி இல்லை, ஒரு திட்டு இல்லை. பார்வை போய்க்கொண்டிருக்கிறவர் துடைத்த வண்டி என்று யார் சொல்வார்கள்? எல்லாத் துணியையும் விரலால் தரம் பிரித்துவிட்டீர்கள். நிறம் ஒன்றுதான் விரலுக்கு அகப்படவில்லை. அந்த மெரூன் துண்டு வெள்ளையைப் போலவே வழுவழுப்பாக இருந்ததால் முதல் டின்னுக்குள் போய்விட்டது.

கோயமுத்தூர் கண் டாக்டர் விழித்திரைக் கோளாறு என்றார், போனது திரும்பாது என்றார். சென்னையில் இருந்து மகன் போன் செய்தான். "அந்த சைக்கிளை முதல்ல யாருக்காவது குடுத்துருங்கம்மா. நீங்க ரெண்டு பேரும் இங்க வந்துருங்க." அவன் சொன்னதில் தப்பில்லை. நானும் அதையேதான் நினைத்தேன். ஒரு கைத்தடியும் வாங்கி வந்து உங்கள் நாற்காலியில் சாய்த்து வைத்தேன்.

நீங்கள் தடியைத் தடவிப் பார்த்து வைத்துவிட்டீர்கள். "சென்னைல என்னை ரூமுக்குள்ள உக்கார வெச்சுருவாங்க. இங்க நானாப் போயி நானா வருவேன். வண்டிய மட்டும் எடுக்காதீங்க" என்றீர்கள். எனக்கு 'ங்க' போட்டுப் பேசியது அன்று ஒருநாள்தான். ஓட்டக் கூடாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்றேன். உடனே சரி என்றீர்கள். உங்கள் மனதில் முன்பே அந்த ஏற்பாடு இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

முதல் நாள் உங்களுக்குத் தெரியாமல் பின்னாலேயே வந்தேன். இரண்டு கையும் ஹேண்டில்பாரில், சைக்கிள் இடது பக்கம், நீங்கள் வலது பக்கம். முன் சக்கரம் வேகத்தடையில் ஏறியதும் உங்கள் கால் உயர்ந்தது. சாக்கடைப் பலகை மேல் போனபோது சத்தம் மாறியது, நீங்கள் ஒரு முழம் உள்ளே நகர்ந்தீர்கள். மணல் கொட்டிக் கிடந்த இடத்தில் சக்கரம் கனத்தது, சுற்றிக்கொண்டு போனீர்கள்.  அந்த ரோட்டை நான் இத்தனை வருடம் கண்ணால் பார்த்திருக்கிறேன், நீங்கள் அதைச் சக்கரத்தின் வழியாகக் கையால் வாசித்துக்கொண்டு போனீர்கள்.

பேக்கரி வாசலில் உங்கள் சிநேகிதர் கேட்டார்: "ஏனுங்க மாஸ்டர், பஞ்சருங்களா? தள்ளிட்டு வர்றீங்க?"

"வண்டிக்கு வயசாயிருச்சுங்க. ஏறுனா கோவிச்சுக்குது."

"அப்ப வண்டிதான் உங்களைக் கூட்டிட்டு வருதுங்களா?"

"ஆமாங்க. டீ மட்டும் நான் குடிச்சுக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். திரும்பும்போது நீங்கள் நின்று, திரும்பிப் பார்க்காமலேயே சொன்னீர்கள்: "முன்னால வா, அம்மிணி. பின்னால வந்தா போலீஸ் கூட்டிட்டுப் போறாப்பல இருக்குது." என் செருப்புச் சத்தம் உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா? அசட்டுத்தனமாக ஒளிந்து ஒளிந்து வந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. மூட்டையிலிருந்து துண்டுகளை எடுத்து நிறம் சொல்வேன். மற்றதெல்லாம் நீங்கள் சொல்வீர்கள். "வெள்ளைங்க." "ம்ம், ஆனா லைக்ரா கலந்திருக்குது, வேண்டாம்." "நீலங்க." "செயினுக்கு." துடைக்கும்போது நான் பேசமாட்டேன், பார்த்துக்கொண்டிருப்பேன். துணி எங்காவது இம்மியளவு தடுக்கினால் அங்கே துரு தொடங்குகிறது என்று நிறுத்துவீர்கள். ரிப் துணி சுற்றிய கம்பியைச் சுண்டி, தளர்ந்திருப்பதைச் சத்தத்தில் சொல்வீர்கள். நீங்கள் முடித்ததும் நான் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, பெடலுக்கு உள்பக்கம், செயின் கவருக்குக் கீழே, மட்கார்டின் மடிப்பு என்று எங்கும் இழுத்துப் பார்ப்பேன். கைக்குட்டை வெள்ளையாகவே வரும். ஒவ்வொரு முறையும் வரும். மதர் பார்த்திருந்தால் அவரும் தன் கைக்குட்டையை மடித்து வைத்திருப்பார்.

"மதர் சுப்பீரியர் பாஸ் போட்டாச்சா?" என்று கேட்பீர்கள். கைக்குட்டை உரசும் சத்தம்கூட உங்களுக்குக் கேட்டிருக்கிறது.

"போட்டாச்சுங்க."

"பட்டையில அந்தச் சாயம்? போயிருச்சா?"

"போயிருச்சுங்க."

போகவில்லை. வெள்ளை பழைய பெயின்ட், சுண்ணாம்பு மாதிரி ஆகியிருந்தது, நிறத்தைக் குடித்துவிட்டது. ஒரு கை பெயின்ட் அடித்திருந்தால் மறைந்திருக்கும். எந்தக் கறையையும் விட்டுவைக்காத நான் அதைத் தொடவில்லை. அது விழாமல் இருந்திருந்தால் நீங்கள் அவிநாசி ரோட்டில் ஓட்டிக்கொண்டே இருந்திருப்பீர்கள். ஒருநாள் யாராவது வந்து கேட்டைத் தட்டியிருப்பார்கள். அதற்குப் பதிலாக எனக்கு அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் கிடைத்தன. கடைசியில் நீங்கள் உங்கள் கட்டிலில், என் கை உங்கள் கைக்குள் இருக்க, தூக்கத்திலேயே போனீர்கள். அன்று காலையிலும் டீ குடித்துவிட்டு நீங்களாகத்தான் திரும்பி வந்திருந்தீர்கள்.

மகன் இப்போதும் கேட்கிறான், அந்த வண்டி எதற்கு அம்மா என்று. துடைக்கிறதற்கு என்கிறேன். அவன் நான் விளையாட்டாகச் சொல்வதாக நினைக்கிறான்.

இதை எழுதி முடித்துவிட்டு மூட்டையைத் தரம் பிரித்து முடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன், உதட்டில் வைப்பேன், என்ன துணி என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். நிறம் பார்க்க மட்டும் கண்ணைத் திறப்பேன். முன்பு பத்துக்கு ஏழு தப்பாகும். இப்போது அவ்வளவு ஆவதில்லை. காலையில் வந்த மெரூன் எத்தனை மிருதுவாக இருந்தாலும் செயின் டின்னுக்குத்தான் போகும். அதில் உங்களுக்கும் எனக்கும் மறுபேச்சில்லை.

பிறகு முதல் டின்னிலிருந்து நல்ல வெள்ளையாக ஒன்றை எடுத்து வண்டி முழுவதும் துடைப்பேன். பின் மட்கார்டின் நுனிக்கு வந்ததும் கையின் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்வேன். அந்த ரோஸ் இப்போது வெளிறி வருகிறது.