சிவப்புக் கார் யாருடையது?

பாப்பா,

எனக்குச் சரியாக நினைவில்லை. நேற்று டிவியில் விளையாடிய கார் பந்தயத்தில் என் கார் சிவப்புதானே? நான் ஜெயித்தால் நீ வெளியூர் வேலைக்குப் போகக்கூடாது என்பது பேச்சு. சிவப்பு முந்தியதும், "போதுமாப்பா? நான் எங்கேயும் போகலை" என்று கதவைச் சாத்திக்கொண்டாய்.

காலையில் என் கறுப்புக் கன்ட்ரோலரை எடுத்து, கட்டைவிரல் குமிழைத் தள்ளினேன். நகர்ந்தது நீலக் கார். நேற்று நீலம் சுவரில் மோதும்போதெல்லாம் என் கையில் இருந்த கன்ட்ரோலர் அதிர்ந்ததே! கோளாறு என்றல்லவா நினைத்தேன்.

அப்படியானால் ஜெயித்தது நீ. உனக்கும் தெரியவில்லையா, தெரிந்தும் விட்டுக்கொடுத்தாயா? உனக்கே போக மனமில்லையா? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

சாப்பாடு அடுப்பின் மேல். சாவி செருப்பு அலமாரியில்.

மறந்துவிட்டேன்: அந்த வெளியூர் வேலைக்குப் பதில் சொல்ல இன்றுதானே கடைசி நாள்? என்னைக் கேட்காதே, நீயே சொல். அம்மா தூங்குகிறாள். நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். திரையில் உன் கார் இன்னும் எல்லைக்கோட்டைத் தாண்டியே நிற்கிறது.

அப்பா