சாப்பிட்டாளா என்று கேட்கும் லேப்

திங்கட்கிழமை காலை வார்டு மேசையில் ஒரு லேப் ரிப்போர்ட் கிடந்தது. மருந்துப் பெயர்களுக்கு எதிரே மேலிருந்து கீழ்வரை 'ஆர்', 'ஆர்', 'ஆர்'. வழக்கமான எந்த மருந்துக்கும் இந்தக் கிருமி அசையாது என்று மெஷின் சொல்கிறது. இந்நேரம் நீ கூப்பிட்டிருப்பாயே என்று போனைப் பார்த்தேன். நீ உயிரோடு இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நான் மேலே வார்டு டாக்டர், நீ கீழே லேப் டாக்டர். இந்த வடக்கத்தி ஊரில், மயூர் விஹார் பகுதியில் வீட்டுவேலை செய்த விழுப்புரத்துக்காரியின் மகளை நினைவிருக்கிறதா? ரத்தத்தில் கிருமி, வழக்கமான மருந்து ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அன்றும் இதே 'ஆர்' வரிசைதான். மிச்சமிருந்தது ஒரே மருந்து, அதுவும் சிறுநீரகத்தைப் பதம் பார்ப்பது. அதை எழுதப் பேனாவைத் திறக்கிறேன், உன் போன். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"ஏட்டி, அந்தப் புள்ள சாப்ட்டாளா?"

சாப்பிட்டாள், காய்ச்சல் இறங்குகிறது, பிஸ்கட் கேட்டு அடம் பிடிக்கிறாள் என்றேன். கேட்காத மருந்தில் எப்படித் தேறுவாள் என்று மடக்கினாய். மெஷினில் போடும் கிருமிக் கரைசல் கொஞ்சம் கெட்டியானால் போதும், சாதுவையும் மெஷின் ரவுடி என்றுவிடும் என்றாய். ஒரு நாள் பொறுக்கச் சொல்லி, நீயே தட்டில் கிருமியைத் தடவி மருந்து வில்லைகளை வைத்தாய். மறுநாள் என்னைக் கீழே வரவழைத்துக் காட்டினாய். பழைய மருந்தைச் சுற்றிக் கிருமியே இல்லாத வட்டம்; மருந்து கேட்கிறது என்று அர்த்தம். பல தடவை மெஷின் சொன்னதே சரியாக இருந்ததும் உண்டு. ஆனாலும் வார்டைக் கேட்காமல் நீ கையெழுத்துப் போட்டதில்லை.

திங்கட்கிழமை ரிப்போர்ட் இதே ஊரின் துவாரகா பகுதியிலிருந்து வந்த பஞ்சாபி அம்மாளுடையது. ஏற்கெனவே சிறுநீரகம் பாதி போனவர். அந்தக் கடைசி மருந்தைக் கொடுத்தால் டயாலிசிஸில் போய் நிற்பார். அவரோ வழக்கமான மருந்திலேயே தெம்பாகிக் கட்டிலில் உட்கார்ந்து, ஊறுகாய் இல்லாமல் என்ன ரொட்டி என்று நர்சிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். உன் நாற்காலியில் இப்போது ஒரு லக்னோக்காரர். கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள் என்றதற்கு, மெஷின் புதிது மேடம் என்றார். ஊறுகாய்ச் சண்டையைச் சொன்னேன். "அச்சா, போட்டுப் பார்க்கிறேன்" என்றார்.

மறுநாள் அதே வட்டம். அம்மாள் பழைய மருந்திலேயே தேறி வருகிறார்.

இன்று காலை வேறொரு நோயாளியின் ரிப்போர்ட் வருவதற்குள் போன் அடித்தது. லேபிலிருந்து அந்த லக்னோக்காரர்தான். ஏழாம் கட்டில்காரர் சாப்பிட்டாரா என்று இந்தியில் கேட்டார்.

அவருக்குப் புரியாதே என்றுகூடத் தோன்றாமல், தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

"சாப்ட்டார்டி."