வெள்ளிக்கிழமை முதுகு ஊசி

ஜூலை 10, 1996, புதன்

காலையிலிருந்து தூறல். மர்பி டவுன் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் புடவைக் கரையெல்லாம் சேறு. குழந்தைகள் வார்டில் பதினோரு பேர். அதில் ரத்தப் புற்றுநோய் ஆறு.

புது டாக்டர், மண்டியாக்காரர், கன்னடம்தான் பேசுவார். பெரிய மேதை! நரம்பு கிடைக்காமல் ஒரு பிள்ளையை நாலு இடத்தில் குத்தினார். கடைசியில் நான்தான் போட்டேன். ஒரு தேங்க்ஸ் கூடக் கிடையாது.

நாலாம் கட்டில் கவிதா, ஐந்து வயது. அவள் அம்மா செல்விக்கு பொம்மசந்திராவில் பாக்கிங் வேலை. எழுத்து வாசனை இல்லை, கேள்விக்குக் குறைச்சலும் இல்லை. "இது என்னா மருந்து சிஸ்டர்? எதுக்கு சிஸ்டர்?" சொன்னால் மட்டும் புரிந்துவிடப் போகிறதாக்கும்.

வாங்கணும்: சோப்பு, பல்பு, அண்ணன் மகள் வளைகாப்புக்கு வளையல்.

ஜூலை 11, வியாழன்

தலைவலி. கேன்டீன் காபி, கழுநீர்.

கவிதாவின் மாமா வந்து பிரசங்கம். "முதுகுல ஊசி போட்டா காலு விளங்காம போயிடும், பாத்துக்க." எட்டாங்கிளாஸ் தாண்டாத முதுகுத்தண்டு நிபுணர். செல்வி ஓவென்று அழுகிறாள்.

"கையில ஏத்துற மருந்து மூளைக்குச் சரியா போய்ச் சேராதுமா. நோய் அங்க ஒளிஞ்சுக்கும். அதான் முதுகுத்தண்டு தண்ணியில மஞ்சளா ஒரு மருந்து போடறோம். இன்னா, புரியுதா?" மாமாவைப் பார்த்து ஒரு முறை முறைத்தேன். ஆள் பீடி பிடிக்கப் போய்விட்டார்.

ஜூலை 12, வெள்ளி



கவிதாவுக்கு இன்று இரண்டு மருந்து. ஒன்று முதுகில், ஒன்று கை நரம்பில். முதுகு ஊசி முடிந்து பிள்ளை கட்டிலுக்குத் திரும்பிய பிறகுதான் நரம்பு மருந்தைக் கலக்க வேண்டும். அது முதுகில் போனால் பிள்ளை பிழைக்காது. புதுசா வரும் பெண்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்திருக்கிறது.

மேதை ஒரு மணி நேரம் லேட். வந்ததும் "பேக பேக சிஸ்டர்" என்று பறக்கிறார். சீக்கிரமாம். எனக்கும் நாலு மணிக்கு அண்ணன் மகள் வளைகாப்புக்குப் போகணும். பதினேழு வருஷ சர்வீஸ், எனக்கா ரூல்? இரண்டையும் தனித்தனி சிரிஞ்சில் கலந்து ஒரே தட்டில் கொண்டுபோனேன். லேபிள் கூட ஒட்டவில்லை.

செல்வி பிள்ளையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். ஊசி உள்ளே இறங்கி, தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. டாக்டர் கையை நீட்டினார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சிரிஞ்சை எடுத்துக் கொடுத்தேன்.

"சிஸ்டர், முதுகு மருந்து மஞ்சளா தானே இருக்கும்? இது தண்ணியாட்டம் இருக்குதே?" என்றாள் செல்வி.

"கம்முனு புடிமா!" என்று அதட்டினேன். அதட்டிய பிறகுதான் பார்த்தேன்.

ஐயோ. நரம்பு மருந்து. சிரிஞ்சைப் பிடுங்கினேன். டாக்டர் முகத்தில் ரத்தமில்லை. மஞ்சளைக் கொடுத்தேன், போட்டார்.

வெளியே வந்ததும் டாக்டர், "யாரிகூ ஹேளபேடி சிஸ்டர்." யாரிடமும் சொல்லக் கூடாதாம். கோழை. நானும் தலையை ஆட்டினேன். நான் மட்டும் என்ன யோக்கியம்?

செல்வி பின்னாலேயே வந்தாள். "தப்பா கேட்டிருந்தா மன்னிச்சுக்கங்க சிஸ்டர்." என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்! தூ, நானும் ஒரு ஜென்மம்.

வளைகாப்புக்குப் போகவில்லை.

ஜூலை 13, சனி

வெயில். கவிதா இரண்டு இட்லி தின்றாள்.

மேட்ரனிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். "ஒண்ணும் ஆகலையே, எதுக்கு இந்த வம்பு?" என்று காகிதத்தைத் திருப்பித் தள்ளினாள், மூதேவி. மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

பிறகு செல்வியிடம் போய், எல்லாவற்றையும் சொன்னேன்.

"உள்ள போயிருந்தா?"

"பொழச்சிருக்காது."

அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம். தூங்கும் பிள்ளையின் சட்டையை இழுத்து முதுகை மூடினாள்.

"இனிமே எந்த ஊசியா இருந்தாலும் எங்கிட்ட காட்டிட்டுப் போடு."

சிஸ்டரும் இல்லை, வாங்க போங்கவும் இல்லை.

"சரிங்க" என்றேன்.