மூலை கருகிய கம்பளி

2025 நவம்பர் 9, ஞாயிறு

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் ஈவ்லின் எழுதுகிறாள். டீச்சர், அதனால் என் பேச்சைச் சீவித்தான் எழுதுவாள். இன்றைக்குக் கோபத்தை மட்டும் சீவாதே என்று சொல்லியிருக்கிறேன்.

கோயில் முடிந்து சேலையூரில் அவளுடைய பழைய ஹெட்மாஸ்டர் ஆஸ்டின் வைத்திருக்கும் புகைப்படக் கண்காட்சிக்குப் போனோம். உலகத்தில் நடந்ததெல்லாம் சுவரில் தொங்குகிறது. குண்டு விழுந்து தரைமட்டமான ஜப்பான் ஊர். சுவரை இடிக்கும் ஜெர்மனிக்காரர்கள். கடைசிச் சுவரில் நாங்கள். பர்மாவிலிருந்து விரட்டப்பட்டு, மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கிய ஜனம். அறுபத்தைந்தாம் வருஷம்.

நடுப்படத்தில் என் அம்மா தபீதாள். மடியில் ஆறு மாசத் தங்கச்சி அபிகாயில். இரண்டு பேர் மேலும் ஒரு கம்பளி. ஓரத்தில் அரை டிராயரோடு நிற்பவன் நான், லாசரஸ்.

கீழே இருந்ததை ஈவ்லின் படித்தாள்: “அசரியா ஐயா அளித்த கம்பளியால் குளிரிலிருந்து காக்கப்பட்ட தாயும் சேயும்.” அசரியா, ஆஸ்டினின் அப்பா. படம் பிடித்ததும் அவர்தான்.

காக்கப்பட்டார்களாம்! படம் பிடித்த கையோடு கம்பளியை உருவி அடுத்த ஆளுக்குப் போர்த்தினார். மழை கொட்டுகிறது. பிள்ளைக்கு ஜுரம். அம்மா கெஞ்சினாள். “இன்னும் படம் பாக்கி இருக்கும்மா” என்றார். ஒன்பதாம் நாள் முகாமில் அபிகாயில் போய்விட்டாள்.

நவம்பர் 10

சோறு இறங்கவில்லை.

நவம்பர் 12

ஆஸ்டினிடம் போய் நடந்ததைச் சொன்னேன். காபி கொடுத்தார். தொடவில்லை. பத்து வயசுப் பிள்ளைக்கு எல்லாம் ஞாபகம் இருக்குமா, அப்பா ஊருக்கே உழைத்தவர் என்று இழுத்தார்.

“அந்த எழுத்த எடு சார். இல்லாட்டி எங்கம்மாவ அந்தச் செவுத்துலேர்ந்து எறக்கு.”

யோசிக்கிறேன் என்றார். திரும்பும்போது ஈவ்லின் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்கு வேலை போட்டுக் கொடுத்த மனுஷன். இருக்கட்டுமே, எனக்கென்ன?

நவம்பர் 15

மாற்றிவிட்டேன் என்று போன் வந்தது. தனியாகப் போனேன். புது அட்டை, பெரிய எழுத்து. ஆஸ்டின் விரல் வைத்துப் படித்தார்: “பர்மாவிலிருந்து வந்த தாயும் சேயும்.” அவ்வளவுதான். ஆனால் அட்டையில் மூன்று வரி இருந்தது. அவர் வாய் ஒரு வரியோடு நின்றுவிட்டது. அன்றைக்குப் பார்த்த முதல் எழுத்து, அதே வளைவோடு அதே இடத்தில். எழுத்து தெரியாதவனுக்குக் கண்ணுமா தெரியாது?

அவர் போனதும், வந்திருந்த ஒரு பெண்ணைப் படிக்கச் சொன்னேன். பழைய வாசகமேதான்.

பிய்த்து எறியத்தான் கையை நீட்டினேன். அப்போது கண்ணில் பட்டது. கம்பளியின் மூலையில் உள்ளங்கை அளவு கருகிய ஓட்டை. பக்கத்துப் படத்தில் ஒரு கிழவர் போர்த்தியிருந்த கம்பளியிலும் அதே ஓட்டை. அதற்கடுத்ததில் இரண்டு பிள்ளைகள், அங்கேயும். ஏழு படம். ஒரே கம்பளி.

நவம்பர் 16, ஞாயிறு

நல்ல கூட்டம். வந்தவர்களைப் படங்களுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனேன். ஏழு மூலையையும் ஒவ்வொன்றாக விரலால் காட்டினேன். நாலாவது படத்திலேயே ஜனம் முணுமுணுக்க ஆரம்பித்தது. ஆஸ்டின் என்னை வெளியே அனுப்பத்தான் வந்தார். என் விரல் போன இடத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, முதல் படத்திலிருந்து ஏழையும் பார்த்துக்கொண்டு போனார்.

“அது எங்க வீட்டுக் கம்பளி,” என்றார். “இஸ்திரிப் பெட்டிய வச்சுச் சுட்டது நான்தான். காலேஜ் போற வரைக்கும் அதத்தாண்ணே போத்திக்கிட்டுத் தூங்கினேன்.”

அறுபது வருஷமாக அது எங்கே போச்சு என்று யோசித்திருக்கிறேன். இவர் மேலே கிடந்திருக்கிறது.

நான் ஆறுதல் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

நவம்பர் 18

அட்டையை எடுத்துவிட்டார். புதுசு என் வீட்டில்தான் எழுத வேண்டும் என்றேன், சரி என்றார். ஈவ்லின் எழுதினாள்: “தபீதாள். அபிகாயில். லாசரஸ். படம் எடுத்ததும் கம்பளி திரும்ப வாங்கப்பட்டது.”

மூன்று தடவை படிக்கச் சொன்னேன். மூன்றும் ஒன்றாகவே இருந்தது. பிறகு தெருவில் போன ஒருவரைக் கூப்பிட்டும் படிக்கச் சொன்னேன். இதை எழுதும்போது ஈவ்லின் என்னை முறைக்கிறாள். முறைக்கட்டும்.

அவர் படித்ததும் அதேதான்.