பாதிக் காற்று

ஏங்க,

இன்றைக்குத் தேயிலை ஸ்டோரில் புது விசிறியை ஓட்டிப் பார்த்தாங்க. கொழுந்து வாட்டுகிற மேல்மாடியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பச்சைக் கொழுந்து வாசம் முகத்தில் அடித்ததும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். மேல்மாடி வேலையில் இருந்தப்ப அந்த வாசத்தோடதானே நீங்க தினமும் லயத்து வீட்டுக்கு வருவீங்க.

நீங்க ஓட்டின பழைய விசிறிக்கு ஒரே சுவிட்ச். போட்டால் முழு வேகம், இல்லாவிட்டால் சும்மா கிடக்கும். மழை நாளில் முழுசா ஓடட்டும், சரி. வெயிலும் காற்றுமாக இருக்கிற நாளில் அப்படி ஓடினால் கொழுந்து ஓரமெல்லாம் கருகிப்போகும். ஓட்டாமல் விட்டால் சூடேறிச் சிவந்துவிடும். "அதுக்கு ஓடத் தெரியும், நிக்கத் தெரியும். பாதி தெரியாது. பாதிய நம்மதான் குடுக்கணும்" என்பீங்க. பத்து நிமிசம் ஓட்டி, அஞ்சு நிமிசம் நிப்பாட்டுவீங்க. வெயில் ஏற ஏற ஓட்டுறது குறையும், நிப்பாட்டுறது கூடும். நடுவில் ஒரு பிடி கொழுந்தை அள்ளி உருண்டையா அமுக்கிக் கையை விரிப்பீங்க. பட்டென்று விரிந்தால் இன்னும் வாடவில்லை. மெதுவாக விரிந்தால் போதும். கடிகாரத்தைவிட அந்தக் கையைத்தான் நம்பினீங்க.

நிப்பாட்டின அந்த அஞ்சு நிமிசத்தில்தான் தோட்டத்துக்குப் புது அதிகாரியா வந்த சின்னத்துரை படியேறி வந்தாரு. விசிறி நிற்குது, நீங்க பலகையில் உட்கார்ந்திருக்கீங்க. வேலை நேரத்தில் தூக்கம் என்று எழுதிட்டாரு. சொல்லிப் பார்த்தீங்க, அவர் கேட்கவில்லை. மாடியிலிருந்து இறக்கி அடுப்புக்கு விறகு தள்ளப் போட்டுட்டாங்க.

மலையில் என்னோட கொழுந்து பறிக்கிற பொம்பளைகள் விடுவாங்களா? "என்னக்கா, வீட்டுக்காரரு விசிறியத் தாலாட்டித் தூங்க வச்சிட்டு, தானும் தூங்கிட்டாராமே?" நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்துதான் உங்க மேல பாய்ந்தேன். பேசாம ஓட விட்டிருந்தா என்ன, கருகினா துரையோட கொழுந்துதானே என்று கேட்டேன். நீங்க சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னீங்க:

"நீ பறிச்சதும் அதுலதானே கெடக்குது."

 நீங்க தூங்கவில்லை என்றதை நம்பினேனா என்றால், முழுசா நம்பவில்லை. கண்ணை மூடுகிற வரைக்கும் நீங்க விறகுதான் தள்ளினீங்க.

புது விசிறி மெதுவாகவும் ஓடுது. எப்படி என்று மாட்ட வந்தவரிடம் கேட்டேன். சுவரில் இருக்கிற பெட்டியைக் காட்டினாரு. அது கரண்ட்டை விட்டு விட்டுத்தான் குடுக்குதாம், ஒரு செக்கனுக்குள்ள ஆயிரக்கணக்கான தடவை. குடுக்கிற நேரம் கூடினால் வேகம் கூடும், நிப்பாட்டுற நேரம் கூடினால் குறையும்.  நீங்க செய்ததைச் சொன்னேன். கொழுந்தை அமுக்கியும் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் ஐயாவைக் கூப்பிட்டாரு.

"ஐயா, இந்தப் பொட்டி செய்யிற வேலைய இங்க ஒரு மனுசன் கையால செஞ்சிருக்காரு."

யார் அது என்று ஐயா கேட்டாரு. தாலி கட்டின நாளிலிருந்து உங்க பேரை நான் வாயால் சொன்னதில்லை. யாராவது கேட்டால் பக்கத்தில் நிற்கிறவங்கதான் சொல்வாங்க. இன்றைக்குப் பக்கத்தில் உங்க பேர் தெரிஞ்சவங்க யாரும் இல்லை.

நானே சொன்னேங்க. விசிறிச் சத்தத்தில் முதல் தடவை அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன்.